கணக்குக்குக் கூலி

1862-ல் இங்கிலாந்து சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு விதி செய்தது. வருஷந்தோறும் இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் குழந்தைகளைச் சோதிப்பார். ஒன்றில் தவறினால், அந்தக் குழந்தைக்குரிய மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு!

முதல் 'ஸ்டாண்டர்டு' குழந்தை 20 வரை எண்களை எழுத வேண்டும். 10 வரை வாயால் கூட்டிக் கழிக்க வேண்டும். (நாம் வகுப்பை ஸ்டாண்டர்டு என்கிறோமே, அதன் பூர்வீகம் இதுதான்.) பல ஊர்களில் வாத்தியாரின் சம்பளமும் அந்த மானியத்தை நம்பியிருந்தது. ஒரு பிஞ்சின் நாக்குப் பிறழ்ந்தால் அவர் வீட்டு அடுப்புக்கு ஆபத்து. அப்புறம் அவர் கணக்கையா கற்பிப்பார்? தேறும் வழியைக் கற்பித்தார்.

கவி மாத்யூ ஆர்னால்டு பள்ளி இன்ஸ்பெக்டராக உத்தியோகம் பார்த்தவர். கணக்கே தெரியாத பிள்ளைகளையும் சாமர்த்தியமாகத் தயார் செய்து கரையேற்றிவிட முடிகிறது என்று 1869-ல் சர்க்காருக்கே எழுதினார். அந்த முறை ஒழிந்ததோ 1890-களில்தான்.