மாறாத மூன்று வரிகள்

திருத்திய நிரலை முழுசாக அனுப்பாமல், திருத்தத்தை மட்டும் அனுப்பினால் என்ன? 1974-இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு 'டிஃப்' நிரல் வந்தபோதே இதற்கு வழி பிறந்துவிட்டது. எழுதியவர் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய். முன்மாதிரி ஜேம்ஸ் ஹன்ட்டுடையது. பழைய கோப்பிலும் புதிய கோப்பிலும் ஒரே வரிசையில் வரும் பொது வரிகளின் மிக நீண்ட தொடரை அது தேடும். அதில் சேராதவைதான் மாற்றம்.

அந்த மாற்றங்களை 'எட்' எடிட்டருக்கான கட்டளைகளாகவும் அது எழுதித் தந்தது. அதுவும் கீழிருந்து மேலாக. மேலே ஒரு வரியை முதலில் நீக்கினால் கீழே உள்ள எண்களெல்லாம் நகர்ந்துவிடுமே! அழகான யோசனைதான். ஆனால் வாங்குபவர் தன் பிரதியின் தொடக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தாலும் போச்சு, வெட்டு வேறிடத்தில் விழும்.

1981-இல் பெர்க்லி யூனிக்ஸின் டிஃப், மாறிய வரிகளோடு அக்கம்பக்கத்து மாறாத வரிகளையும் சேர்த்துத் தரத் தொடங்கியது. அவற்றின் அருமை புரிந்தது 1985 மே மாதம், லாரி வால் 'பேட்ச்' நிரலை வெளியிட்டபோது. ஊர் பேர் தெரியாத வீட்டை எதிர்க்கடையைச் சொல்லிக் கண்டுபிடிப்பதுபோல, மாறாத வரிகளை வைத்தே அது இடத்தைக் கண்டுகொள்ளும். சொன்ன எண்ணில் அவை இல்லையா, மேலும் கீழும் தேடும். அப்படியும் பொருந்தவில்லையென்றால் ஓரத்து வரிகளில் ஒன்றிரண்டை விட்டுக்கொடுத்துப் பார்க்கும். அதுவும் முடியாதபோது அந்தத் துண்டைத் தனிக் கோப்பில் ஒதுக்கி, 'இது சேரவில்லை' என்று சொல்லிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நேர்மை. ஒருவரையொருவர் பார்த்தறியாதவர்கள், ஒன்றுபோல் இல்லாத பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒரே நிரலில் சேர்ந்து வேலை செய்ய முடிந்தது இதனால்தான்.

பெர்க்லியின் அந்தப் பழைய 'சூழல் வடிவம்' மாறாத வரிகளை இரண்டு முறை அச்சிட்டது. 1990-இல் வெய்ன் டேவிசன் அதை ஒன்றாக்கினார்: போன வரிக்கு -, வந்த வரிக்கு +. அடுத்த ஆண்டே குனு டிஃப் இதை ஏற்றுக்கொண்டது. டிஃப் கட்டளையில் '-யு' சேர்த்து, பழைய கோப்பு, புதிய கோப்பு என்ற வரிசையில் பெயர் கொடுத்து, விடையை > குறியால் ஒரு கோப்புக்குத் திருப்பினால் பேட்ச் நிரலுக்கான திருத்தக் கோப்பு தயார். '@@ -14,7 +14,8 @@' என்று ஒரு தலைப்பு இருக்கும்: பழையதில் 14-ஆம் வரியிலிருந்து ஏழு, புதியதில் எட்டு. மாற்றத்துக்கு மேலே மூன்று, கீழே மூன்று மாறாத வரிகள். எந்திரத்துக்கு வழிகாட்டும் அதே வரிகள், மனிதர் படித்துப் பார்த்துக் குறை சொல்லவும் உதவின.

லினக்ஸ் கருவுக்கான திருத்தங்கள் இன்றும் இந்த வடிவில்தான் மின்னஞ்சலில் போகின்றன. 2005-இல் பிறந்த 'கிட்' என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி, கோப்புகளை உள்ளே வேறு விதமாகச் சேமிக்கிறது. ஆனாலும் 'கிட் டிஃப்' என்று கேட்டால் திரையில் வருவது டேவிசனின் + - வரிகளே.