காதங்கி ராடாரும் கண்ணாடித் தட்டும்

திருப்பதியிலிருந்து சித்தூர் சாலை வழியாகக் காணிப்பாக்கம் போகிறவர்கள் காதங்கியைக் கடந்துதான் போகிறார்கள். அங்கே தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருப்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் 1024 ஆண்டெனாக்கள். 1990களின் தொடக்கத்தில் அமைந்த அந்த ராடார், 53 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையை விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாக மேலே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு உயரத்துக் காற்றை அளக்கிறது. அவ்வழியே போகையில் என் சித்தூர் மாமாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டது வேறு: "அதெல்லாம் சரிப்பா, இப்படி விட்டு விட்டு அடிச்சா ஒடம்புல இருக்கிற செல்லுக்கு ஒண்ணும் ஆகாதா?"

அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, மாமா கேட்ட அதே கேள்விக்காக உலகம் 50 ஆண்டுகளாகப் பெட்டி செய்துகொண்டிருக்கிறது என்று. உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அளவறிந்து அலை பாய்ச்சும் பெட்டி.

1975ல் கலிபோர்னியாவில் பாவின், ஏடி ஆகியோர் கோழிக்குஞ்சின் மூளைத் திசுவை 147 மெகாஹெர்ட்ஸ் அலையில் வைத்தனர். அலையின் வலிமையை வினாடிக்குப் பதினாறு முறை ஏற்றி இறக்கியபோது திசுவிலிருந்து கால்சியம் கூடுதலாக வெளியேறியது என்றனர். சூடாக்காத அலையும், அதன் தாளத்தால் மட்டுமே, உயிர்ப்பொருளைத் தொடுமா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பிளாக்மன் சில வலிமைகளில் மட்டும் அது தெரிகிறது என்றார். வேறு கூடங்களில் தென்படவே இல்லை. ஆளுக்கொரு கருவி, ஆளுக்கொரு அளவு. பிறகு எப்படி ஒத்துப்போகும்?

கருவிக்கு ஓர் ஒழுங்கு வந்தது பௌல்டர் நகரில். அங்கிருந்த அமெரிக்க அளவைக் கூடத்தில் கிராஃபோர்டு என்பவர் 1974ல் விவரித்த பெட்டி மிக எளிது. இரு முனையும் குறுகிய மூடிய உலோகப் பெட்டி, நடுவே ஒரு தகடு. தகட்டுக்கும் சுவருக்கும் இடையே புலம் ஏறக்குறையச் சீராக நிற்கும், வெளியே கசியாது. அவர் அதைச் செய்தது மின்கருவிகளைச் சோதிக்க. உயிரியலார் அதில் தட்டை வைத்தார்கள்.

ஆனால் பெரிய வில்லன் வெப்பம்தான். கணக்கு நாமே போடலாம். ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4200 ஜூல் வேண்டும். கிலோவுக்கு 2 வாட் பாய்ச்சி, வெப்பத்தை வெளியேற்றாமல் விட்டால் 35 நிமிடத்தில் ஒரு டிகிரி ஏறிவிடும். 37 டிகிரியில் வளரும் அணுவுக்கு ஒரு டிகிரி என்பது சின்ன விஷயமில்லை. அப்புறம் தெரியும் மாற்றம் அலையாலா, காய்ச்சலாலா? ஜி.எஸ்.எம். செல்போனோ வினாடிக்கு 217 துடிப்பு; எட்டில் ஒரு பங்கு நேரமே பேசும். சராசரி 2 வாட் என்றால் துடிப்பின்போது 16 வாட். ஆகவே துடிப்பின் விளைவை அறிய, அதே சராசரியுள்ள தொடர் அலையையும் பாய்ச்சி ஒப்பிட வேண்டும்.

சூரிச்சில் நீல்ஸ் கூஸ்டர் குழுவினர் 1800 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்த அமைப்பு என்னை வியக்க வைத்தது. தட்டின் ஓரத்தில் வளர்ப்புத் திரவம் சற்றே மேலேறி வளைகிறது அல்லவா, அந்த வளைவுகூட அணுக்கள் வாங்கும் அலையின் அளவை மாற்றும் என்று கணக்கிட்டார்கள். ஒரே இன்குபேட்டருக்குள் இரட்டைப் பிள்ளைகள் போல இரண்டு உலோகக் குழாய்கள். ஒன்றில் அலை பாயும், மற்றதில் பாயாது. எதில் என்பதைக் கணினி முடிவு செய்யும். தட்டை எடுத்து எண்ணுகிறவருக்குத் தெரியாது. காணிப்பாக்கம் பிள்ளையார் முன் பொய்ச் சத்தியம் செய்ய நம் ஜனங்கள் அஞ்சுவார்கள். இங்கே ஆய்வாளரிடம் சத்தியம் வாங்கவில்லை, கண்ணைக் கட்டிவிட்டார்கள். கெட்ட எண்ணம் இல்லாதவரும் எதிர்பார்த்ததையே பார்ப்பார் என்பதால் இது தேவைதான்.

இவ்வளவு செய்தும் சர்ச்சை ஓயவில்லை. 2005ல் வியன்னா குழு இவ்வகை அமைப்பில் மனித அணுக்களின் டி.என்.ஏ. இழைகள் முறிந்ததாக எழுதியது. ஜெர்மனியின் ஷ்பைட் குழு அதே அணுக்களையும் அதே கருவி முறையையும் கொண்டு செய்து, விளைவு காணவில்லை என்று 2007ல் எழுதியது.

இங்கே நினைக்கத்தக்க பெயர் விஜயலட்சுமி. டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் மனித ரத்த வெள்ளணுக்களை இத்தகைய அலைகளில் வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2019ல் அவரும் பிரிஹோடாவும் 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டனர். கண்கட்டி எண்ணினார்களா, அலையளவைச் சரியாகக் கணக்கிட்டார்களா, அலையில்லாத போலித் தட்டு உண்டா, சேதம் தரும் என்று தெரிந்த ஒன்றையும் கூடவே சோதித்தார்களா என நான்கு கேள்வி. இவற்றை நிறைவேற்றிய ஆய்வுகளில், அலை பட்ட அணுவுக்கும் படாத அணுவுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கிப்போனது. தட்டிலுள்ள அணு முழு மனிதன் அல்ல என்பது உண்மை. ஆனாலும் என் கணிப்பில் இந்த வரலாற்றில் மிகப் பயனுள்ள வேலை இதுவே.

அடுத்த முறை மாமாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் விடவில்லை: "எந்தக் குழாயில் விட்டதுன்னு மிஷினுக்குத் தெரியுமே, அதைக் கேட்டுக்கிட்டா?" நல்ல கேள்விதான். அதனால்தான் அந்தக் குறிப்பைப் பூட்டிய எழுத்தில் வைத்து, எண்ணிய முடிவுகள் கைக்கு வந்த பிறகே திறக்கும் முறையை ஏற்படுத்தியிருக்கிறார்கள்.