மேய்ச்சல் கால்நடைகளும் நீர்நிலைகளின் நுண்ணுயிர் மாசும் (நியூசிலாந்து)

மேய்ச்சல் நிலத்தில் விழும் சாணத்திலும் புழுக்கையிலும் உள்ள நோய்க்கிருமிகள் ஓடை, ஆறு, நிலத்தடி நீர் ஆகியவற்றில் கலந்து, அந்நீரைக் குடிப்போருக்கும் அதில் குளிப்போருக்கும் நோய் விளைவிப்பது மேய்ச்சல்வழி நுண்ணுயிர் மாசு எனப்படும். ஆடுமாடுகளைப் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் திறந்த வெளியில் மேயவிடும் நியூசிலாந்தில் இது பெரும் பொதுச் சுகாதாரச் சிக்கலாகும்.

இக்கிருமிகளுள் முதன்மையானது, வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும் காம்பைலோபாக்டர் என்னும் பாக்டீரியா. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியோ தடித்த உறைக்குள் அடங்கிக் கிடப்பதால் குளோரினுக்கும் எளிதில் அழிவதில்லை. ஒவ்வொரு கிருமியையும் தனித்தனியே தேடுவது கடினமாதலால், விலங்குகளின் குடலில் வாழும் ஈ. கோலி பாக்டீரியாவின் எண்ணிக்கையைக் கொண்டு நீரில் மலம் கலந்துள்ள அளவை ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர்.

கால்நடைகள் நேரடியாக நீரில் இறங்குவதால் நேரும் கேடு பெரிது. தென் தீவின் ஷெர்ரி ஆற்றை 246 கறவை மாடுகள் கடந்தபோது நீரை அளந்து 2004இல் வெளியான ஆய்வில், ஈ. கோலி 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 50,000 வரை உயர்ந்தது. வழித்தடத்தில் நடக்கும்போது இட்டதைவிட, அதே தொலைவுக்கு ஆற்றினுள் சுமார் 50 மடங்கு மிகுதியாக அவை சாணமிட்டதும் தெரியவந்தது. அவ்வாறு விழுந்த கிருமிகளில் ஒரு பகுதி ஆற்றடி வண்டலில் தங்கி, வெள்ளம் வண்டலைக் கிளறும்போது மீண்டும் நீரில் கலக்கிறது.

மழைநீர் வழியாகப் பரவும் மாசு கண்ணுக்குத் தெரியாதது என்பதால் அதனினும் அஞ்சத்தக்கது. 2016 ஆகஸ்ட் 5, 6 நாள்களில் பெய்த கனமழை, ஹேவ்லாக் நார்த் நகரின் குடிநீர்க் கிணறுகளுக்கு அருகே செம்மறியாடுகள் மேய்ந்த நிலத்திலிருந்து புழுக்கையை அடித்துச் சென்று அண்மையிலிருந்த குளத்தில் சேர்க்க, குளத்து நீர் நிலத்தடி வழியே கிணற்றுக்குள் புகுந்ததாக அரசு விசாரணை முடிவு செய்தது. தூய்மையானதெனக் கருதிக் குளோரின் சேர்க்காமலே வழங்கப்பட்ட அந்நீரால், சுமார் 14,000 மக்களில் ஏறத்தாழ 5,500 பேர் நோயுற்றனர். இறப்புகள் சிலவற்றுக்கும் அது காரணமாக இருந்திருக்கலாம் என விசாரணை கருதியது. பின்னர் 2021இல் நீர்ச் சேவைகள் சட்டம் இயற்றப்பட்டு, குடிநீரைக் கண்காணிக்கும் பொறுப்பு தௌமாதா அரோவாய் என்னும் தனி அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

இதற்கிடையே 2020இல் வந்த விதிகள், ஒரு மீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறுகளிலிருந்து மாடு, மான், பன்றி ஆகியவற்றைப் பல இடங்களில் மூன்று மீட்டர் விலக்கி வைக்கப் பணித்தன. செம்மறியாடுகள் இயல்பாக நீரில் இறங்குவதைத் தவிர்ப்பவை. ஆதலால் இவ்விதிகள் அவற்றுக்குப் பொருந்தா. ஆயினும், ஹேவ்லாக் நார்த்தில் ஆடுகள் நீரில் இறங்காமலே கிருமிகளைக் கிணறுவரை கொண்டுசேர்த்தது மழையே ஆதலால், செம்மறியாடுகளுக்கு இவ்வாறு விதிவிலக்கு அளித்திருப்பது பாதுகாப்பானதாகத் தோன்றவில்லை.