எந்த முனுசாமி?

எங்கள் பி.காம். வகுப்பில் மூன்று கார்த்திக் இருக்கிறார்கள். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது "ஆர். கார்த்திக், எஸ். கார்த்திக், இன்னொரு எஸ். கார்த்திக்" என்று கூப்பிடுவார்கள். அந்த மூன்றாவது ஆள் பாவம், அவனுக்கு "இன்னொரு" என்பதே இனிஷியல் ஆகிவிட்டது. அறுபது பேர் இருக்கிற வகுப்பிலேயே இந்தக் குழப்பம் என்றால், ஒன்றரை லட்சம் பேர் இருக்கிற பட்டியலில் ஒரு முனுசாமியை எப்படிக் கண்டுபிடிப்பது? போன செமஸ்டர் லீவு முழுக்க நான் பார்த்த வேலை இதுதான்.

எங்கள் ஆயாவுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். தாத்தாவின் கொள்ளுத்தாத்தாவுக்கு முனுசாமி என்று ஒரு தம்பி இருந்தார். தாது வருஷப் பஞ்சத்துக்குப் (1876-78) பிறகு ஒருநாள் செம்பரம்பாக்கத்திலிருந்து பட்டணத்துக்கு நடந்து போனார். அங்கிருந்து "நெட்டாலு"க்குக் கப்பல் ஏறினார். திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் கதை.

ஆனால் மகாளய அமாவாசை அன்று எங்கள் வீட்டுப் படையலில் அவருக்கும் ஓர் இலை உண்டு. ஆயாவின் மாமியார் போட்டார், இப்போது ஆயா போடுகிறார். "அந்த ஆளு எங்க போய் சேர்ந்தாருன்னே தெரியாம இலை போட்டுனு இருக்கோம். நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் பாக்கறியே, கண்டுபிடிச்சு சொல்லேன்" என்றார். அங்கே ஆரம்பித்தது.

இந்தப் பிரச்சினை எங்கள் ஏரிக்கு ரொம்பப் பழசு என்பது தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டினால் குன்றத்தூர். பெரியபுராணம் எழுதிய சேக்கிழாரின் ஊர். நாம் அவர் பெயர் என்று நினைப்பது உண்மையில் அவருடைய குடிப்பெயர். இயற்பெயர் அருண்மொழித்தேவர். ஆகவே சோழர் காலக் கல்வெட்டில் "குன்றத்தூர்ச் சேக்கிழான்" என்று ஒருவர் தானம் கொடுத்ததாக வந்தால், அது புலவரா, அவர் குடியில் பிறந்த வேறு ஒருவரா என்ற கேள்வி வரும். ஆராய்ச்சியாளர்கள் இதைப் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறார்கள். எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய "இன்னொரு எஸ். கார்த்திக்" பிரச்சினை!

இதை ஒரு ஒழுங்கோடு அணுகியவர்கள் ஜப்பானைச் சேர்ந்த நொபொரு கராஷிமா, தோரு மத்சுய், நம் எ. சுப்பராயலு ஆகிய மூவர். சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைத் திரட்டி, மூன்று தொகுதிகளாக ஓர் அகராதி போல 1978இல் மதுரையிலிருந்து வெளியிட்டார்கள். ஒரு பெயரைத் தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதோடு ஊர், தகப்பன் பெயர், பட்டம் எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கினால்தான் ஆள் தெரிவார். இன்ன ஊர் உடையான், இன்னாருடைய மகன், இன்னார் என்று கல்வெட்டே அப்படித்தான் எழுதுகிறது. நம் இனிஷியல் அந்தப் பழக்கத்தின் மிச்சம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, முனுசாமிக்கு வருவோம்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போன முதல் கப்பல் 'ட்ரூரோ'. 1860 அக்டோபரில் மெட்ராஸில் கிளம்பி, நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து, மீதி கல்கத்தாவிலிருந்து. ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம், அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும்.

இவர்கள் ஒவ்வொருவரையும் கப்பல் பட்டியலில் பதிந்து வைத்தார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாணா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாகக் கட்டங்கள். அந்தப் பட்டியல்களை டர்பனில் உள்ள பல்கலைக்கழக ஆவண மையம் கணினியில் ஏற்றியிருக்கிறது. மொரீஷியஸுக்குப் போன நாலரை லட்சம் இந்தியர்களின் பதிவேடுகளும் இதே மாதிரி மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டில் இருக்கின்றன.

முதல் நாள் "முனுசாமி" என்று தேடினேன். வந்து கொட்டியது. எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு முனுசாமி உண்டு, கப்பலுக்கு எத்தனை இருந்திருப்பார்கள்! அதோடு எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். முன்சாமி, மூன்சாமி, மூனசாமி, முனிசாமி எல்லாம் வருகிறது. நமக்கு முனுசாமியும் முனிசாமியும் வேறு வேறு, அவருக்கு ஒன்றுதான். ஊர்ப் பெயர் கதை இன்னும் மோசம். செம்பரம்பாக்கத்தை "எஸ்" வரிசையிலும் தேட வேண்டும், "சி" வரிசையிலும் தேட வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களே அவசரத்தில் "செம்ரம்பாக்கம்" என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரனைக் குறை சொல்லி என்ன பயன்?

இங்கே ஊரில் ஒரே பெயர்க்காரர்கள் இருந்தால் நாம் என்ன செய்வோம்? மேட்டுத்தெரு முனுசாமி, நெட்டை முனுசாமி, வண்டிக்கார முனுசாமி என்போம். கப்பல் பட்டியலில் அந்த வேலையை உடம்பில் இருந்த தழும்பு செய்தது. அதற்கும் மேலே அந்த எண். ஒப்பந்தத்திலும் பாஸிலும் அந்த எண்தான் ஆள். ஒரு மனிதனை நம்பராக்கியது கொடுமை என்று நாம் படிக்கிறோம், கொடுமைதான். ஆனால் இன்றைக்கு ஒரு முனுசாமியை இன்னொரு முனுசாமியிடமிருந்து பிரித்துக் காட்டுவதும் அதே நம்பர்தான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கரையிறங்கிய பிறகு அந்தப் பெயரும் அவர்களுக்கு நிற்கவில்லை. 1893இல் தென்னாப்பிரிக்கா போன காந்தி தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். தமிழர்களின் பெயர்கள் பல "சாமி" என்று முடிவதால், வெள்ளைக்காரர்கள் இந்தியர்களைப் பொதுவாக "கூலி" அல்லது "சாமி" என்றே கூப்பிட்டார்களாம். சாமி என்றால் எஜமான் என்று அர்த்தம், நான் உனக்கு எஜமான் இல்லையே என்று சில இந்தியர்கள் திருப்பிக் கேட்டதாகவும் எழுதுகிறார். ராமசாமி, முனுசாமி, குப்புசாமி எல்லாரும் வெறும் சாமி. அடுத்த தலைமுறையில் தாத்தாவின் பெயரோ ஜாதிப் பெயரோ குடும்பப் பெயராக உறைந்துபோனது. டர்பனில் இன்று மூன்சாமி என்பது சர்நேம். நமக்குத் தலைமுறைக்கு ஒரு தரம் மாறும் இனிஷியல் அங்கே நின்றுபோய்விட்டது.

தேடலின் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் முனுசாமி கிடைக்கவில்லை. பஞ்சத்துக்குப் பிறகான வருஷங்கள், செங்கல்பட்டு ஜில்லா, இருபதை ஒட்டிய வயது என்று வடிகட்டினாலும் ஆட்கள் மிஞ்சுகிறார்கள். தகப்பன் பெயர் தெரிந்தால் போதும், ஆனால் அது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அப்பா சொன்னார்: "எந்த முனுசாமியா இருந்தா என்னடா? ஒருத்தரைக் காட்டு, ஆயா நிம்மதியா இருக்கட்டும்." ஒருநாள் ராத்திரி முழுக்க யோசித்தேன். காட்டியிருக்கலாம், யாரும் சரிபார்க்கப் போவதில்லை. ஆனால் கணக்குப் பாடத்தில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தது ஒன்று உண்டு. ஒருவர் கணக்கில் எழுத வேண்டியதை இன்னொருவர் கணக்கில் எழுதினால் இரண்டு கணக்கும் தப்பு, ஆனால் டிரையல் பேலன்ஸ் மட்டும் சரியாக டேலி ஆகிவிடும். நான் எடுத்துக் காட்டுகிற அந்த முனுசாமிக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அங்கேயும் ஓர் ஆயா இலை போட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆயாவிடம் உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பேரனுக்குத் தாத்தா பேர்தானே வெப்பாங்க. உங்க தாத்தாவோட தாத்தா பேரு ஏகாம்பரம். அப்ப அவருக்கும் தாத்தா பேரைத்தானே வெச்சிருப்பாங்க?" என்றார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவருடைய தாத்தா என்றால் முனுசாமியின் தகப்பன்! பெயரன்தானே பேரன். எந்த ஆவணத்திலும் இல்லாத ஒரு துப்பு. நிரூபணம் ஆகாது, எல்லா வீட்டிலும் இந்த வழக்கம் தவறாமல் நடந்திருக்காது. ஆனால் பட்டியலை இன்னொரு தரம் பார்க்க அது போதும்.

ஒன்று மட்டும் இப்போது தெளிவாக இருக்கிறது. அங்கே டர்பனில் இருப்பவர்களிடம் காகிதம் இருக்கிறது, இங்கே நம்மிடம் ஊரும் ஞாபகமும் இருக்கிறது. அவர்கள் காகிதத்தில் ஜில்லா செங்கல்பட்டு. அந்த ஜில்லா 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகிவிட்டது. 2019இல் செங்கல்பட்டு என்ற பெயரில் மறுபடி ஒரு மாவட்டம் வந்தது, எங்கள் ஊர் அதில் இல்லை. யாரோ ஒரு மூன்சாமி காகிதத்தோடு வந்து இறங்கினால் தப்பான கலெக்டர் ஆபீஸில்தான் போய் நிற்பார்.

அதனால் உங்கள் வீட்டில் ஆயாவோ தாத்தாவோ இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். வெறும் பெயர் போதாது, யாருடைய மகன், எந்தத் தெரு, என்ன பட்டப்பெயர் என்றெல்லாம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். நான் எழுதிவிட்டேன்.

இந்த வருஷமும் மகாளய அமாவாசைக்கு இலை போடுவோம். பெயர் முனுசாமி. தகப்பன் பெயர் ஏகாம்பரம், பென்சிலில்.