கொள்ளும் கிடுவும்: ஒரு துணைவினையின் வரலாறு

கையால் பற்றுதலைக் குறிக்கும் 'கொள்' என்னும் வினை, ஏற்றல், விலைக்கு வாங்கல், உள்ளடக்கல், கருதுதல் எனப் பொருள் விரிந்து, பிறகு தனக்கென ஒரு பொருளும் பெரும்பாலும் இல்லாமல், வேறொரு வினையின் பின்னே துணையாக நிற்கும் நிலைக்கு வந்து சேர்ந்த சொல்லாகும். தானியமாகிய கொள்ளுக்கும் இதற்கும் உறவில்லை. அகராதிகள் அவ்விரண்டையும் வேறுவேறு பதிவாகவே வைக்கின்றன. அத்தானியத்தைக் 'காணம்' என்றே வழங்கும் நெல்லை, குமரிப் பகுதிகளில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

பற்றுதல் என்னும் முதற்பொருளின் தடம் கொள்கலம், கொள்ளை, கோள், கொள்முதல் ஆகிய பெயர்களில் இன்றும் தெரிகிறது. வினாவை ஆறாக வகுத்த இலக்கணிகள், கடைக்காரரிடம் பொருள் இருக்கிறதா என்று கேட்பதைக் 'கொளல்வினா' என்றும், கொடுப்பதற்காகக் கேட்பதைக் 'கொடைவினா' என்றும் பிரித்ததிலிருந்து, கொள்ளும் கொடுவும் ஒரே பரிமாற்றத்தின் இரு முனைகளாகக் கருதப்பட்டமை விளங்கும். தெலுங்கில் 'கொனு' இன்றும் விலைக்கு வாங்குதலைக் குறிக்கும் அன்றாடச் சொல். தமிழிலோ அந்த இடத்தை 'வாங்கு' பிடித்துவிட்டது. எனினும், பெண் எடுத்தவரும் பெண் கொடுத்தவருமாகிய சம்பந்தக்காரரைக் 'கொண்டான் கொடுத்தான்' என்று இணைத்துச் சொல்லும் வழக்கில் அப்பழைய இரட்டை அப்படியே நிலைத்திருக்கிறது.

இந்த இரட்டையே துணைவினைகளிலும் தொடர்கிறது. 'எழுதிக்கொடுத்தான்' என்றால் எழுத்தின் பயன் பிறருக்கும், 'எழுதிக்கொண்டான்' என்றால் அப்பயன் எழுதியவனுக்கும் போய்ச் சேர்கிறது. வினையின் பயன் வினைமுதலையே அடைவதைத் 'தற்பொருட்டு' எனக் குறிக்கலாம். வடமொழி இலக்கணம் ஆத்மனேபதம், பரஸ்மைபதம் என்று வினையிலேயே இரு விகுதி வரிசைகளை வைத்து, வேள்வியைத் தனக்காகச் செய்விக்கும் தலைவனுக்கு 'யஜதே' என்றும், அவனுக்காக அதைச் செய்யும் புரோகிதனுக்கு 'யஜதி' என்றும் வேறுபடுத்தியது. தமிழ் இதே வேலையை விகுதியால் செய்யாமல் தனிச்சொல்லால் செய்தது. குமரிக்குக் கிழக்கே அடுத்துள்ள திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதைக் கவனித்தார். தனியான தற்பொருட்டு வினைவடிவம் திராவிட மொழிகளில் இல்லை என்றும், 'கொள்' அப்பொருளைத் தருகிறது என்றும், 'பேசிக்கொண்டார்கள்' போன்ற இடங்களில் ஒருவருக்கொருவர் என்னும் பொருளும் அதற்கு உண்டு என்றும் அவர் எடுத்துக்காட்டினார்.

ஆனால் 'கொள்' வரும் இடமெல்லாம் நன்மை தேடும் நோக்கம் இருப்பதாக எண்ணினால் பிழையாகும். 'கையை வெட்டிக்கொண்டான்' என்பதில் யாரும் நன்மை தேடவில்லை. தன் செயலின் விளைவு தன்மேலேயே வந்து விழுந்தது என்பது மட்டுமே பொருள். 'பொறியில் மாட்டிக்கொண்டது', 'கதவு திறந்துகொண்டது' என்பவற்றில் செயலை விரும்பிச் செய்தவர் என்று ஒருவரைக் காட்டவே முடியாது. எனவே பயன் என்று சொல்வதைவிட 'விளைவு' என்று சொல்வதே இத்துணைவினைக்குப் பொருந்தும்.

எழுத்துத் தமிழில் 'கொண்டு' என நிற்கும் வடிவம் பேச்சில் 'கிட்டு' ஆயிற்று. ஒகரம் இகரமாகவும், 'ண்ட்' என்னும் மெய்யிணை 'ட்ட்' ஆகவும் திரிந்தன. இதுவரை தமிழகத்தின் பல வட்டாரங்களுக்கும் பொதுவானதே. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களாகிய நாஞ்சில் நாடும் நெல்லையும் இதற்கு மேலும் ஓர் அடி எடுத்துவைத்தன. 'விட்டு' என்னும் எச்சத்துக்கு 'விடு' பகுதியாகவும், 'இட்டு' என்பதற்கு 'இடு' பகுதியாகவும் இருத்தலால், 'கிட்டு' என்பதற்கும் 'கிடு' என்றொரு பகுதி இருந்தாக வேண்டும் என்று பேசுவோரின் மொழியுணர்வு கணக்கிட்டு, முன்பு இல்லாத ஒரு வினைப்பகுதியைப் புதிதாகப் படைத்துக்கொண்டது எனக் கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. சென்னைப் பேச்சு 'வாங்கிக்கிறேன்' என்று சொல்லுமிடத்தில் நாஞ்சில் பேச்சு 'நான் பொறவு வாங்கிக்கிடுதேன்' என்கிறது; 'வாங்கிக்கிடுவேன்', 'வாங்கிக்கிடணும்' என்று அப்பகுதி எல்லாக் காலங்களையும் விகுதிகளையும் ஏற்று நடக்கிறது. நீ என்பதற்கும் நீங்கள் என்பதற்கும் இடைப்பட்ட மதிப்புள்ள 'நீரு' என்னும் முன்னிலைக்கு 'சாவிய நீரே வச்சுக்கிடும்' என்று அது உம் விகுதியும் பெறும். இலக்கணம் அறிந்தவர் 'கிடு'வைக் கொச்சை என ஒதுக்குவதுண்டு; ஒரு சொல்லின் பழைய பகுதி மறைந்தபின், வேறு சொற்களின் வாய்பாட்டை வைத்துப் புதிய பகுதியை இவ்வளவு முறையாக அமைத்த செயலுக்குக் கொச்சை என்பது பொருந்தாத பெயர்.

குமரி மாவட்டத்தின் மேற்கே செல்லச்செல்ல மலையாளத்தோடு பொதுவான மற்றொரு கிளை எதிர்ப்படுகிறது. ஏற்கத்தக்கது என்னும் பொருளிலிருந்து 'கொள்ளாம்' என்பது 'நன்று' என்றாகிவிட, பாயசம் கொள்ளாம் என்றால் பாராட்டு, கொள்ளாது என்றால் குறை. வடக்கிலிருந்து வருபவர் காதுக்கோ, 'கொள்ளாது' என்பது பாத்திரத்தில் அடங்காது என்றுதான் கேட்கும்.

பிரெஞ்சு பயிலும் தமிழருக்கு இச்சொல்லின் வரலாறு நேரடியாக உதவக்கூடியது. அம்மொழியில் 'ஸ' என்னும் சிறு சொல் வினைக்கு முன் நின்று, வினை செய்பவரையே அவ்வினை திரும்பச் சேர்வதைக் காட்டுகிறது. தன்மையில் அது 'ம' என்று மாறும். முதல் பாடத்திலேயே வரும் 'ஜ மாப்பெல்' என்னும் தொடர், சொல்லுக்குச் சொல் 'என்னை நான் அழைத்துக்கொள்கிறேன்' என்று அமைந்து, 'என் பெயர் இன்னது' என்று பொருள்படுகிறது. 'மரியே' என்றால் மணம் செய்துவைத்தல், அது புரோகிதரின் செயல். 'ஸ மரியே' என்றால் மணம் செய்துகொள்ளுதல். 'வை', 'கொள்' என்னும் இரு துணைவினைகளை அறிந்த தமிழருக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. அம்மொழியின் 'ஸ தேர்' என்னும் வினைக்கும் தமிழில் 'வாயை மூடிக்கொள்' என்றே விடை கிடைக்கிறது.

தடுமாற்றம் ஆங்கிலத்தின் வழியாக வருகிறது. கை கழுவுவதைச் சொல்லும்போது ஆங்கிலம் 'தன் கைகளை' என்று உடைமையைச் சொல்லியே ஆக வேண்டும். அதைப் பின்பற்றி மாணவர் 'இல் லாவ் ஸே மேன்' என்று எழுதிவிடுகிறார். பிரெஞ்சு வழக்கோ 'இல் ஸ லாவ் லெ மேன்', அதாவது 'கையைக் கழுவிக்கொள்கிறான்'. யாருடைய கை என்பதைத் தமிழில் 'கொள்' சொல்லிவிடுகிறது, பிரெஞ்சில் 'ஸ' சொல்லிவிடுகிறது. இறந்தகால எழுத்து முறையிலும் தமிழ் இலக்கணம் கைகொடுக்கும். ஒரு பெண் தன்னைக் கழுவிக்கொண்டாள் என்றால் வினையெச்சத்தின் இறுதியில் பெண்பால் எழுத்து ஒன்று சேரும். கைகளைக் கழுவிக்கொண்டாள் என்றால் சேராது. முதல் தொடரில் 'ஸ' இரண்டாம் வேற்றுமையாகிய செயப்படுபொருள். இரண்டாவதில் செயப்படுபொருள் 'கைகளை' என வேறாக இருப்பதால் 'ஸ' நான்காம் வேற்றுமையாகித் 'தனக்கு' என்று பொருள்படுகிறது. உச்சரிப்பில் இரண்டும் ஒன்றே ஆகையால், இப்பிழை எழுதும்போது மட்டுமே வெளிப்படும்.

ஆயினும் 'ஸ' வருமிடமெல்லாம் 'கொள்' வராது. 'கண்ணாடி உடைந்தது' என்பதற்குப் பிரெஞ்சு 'ஸ' கேட்கும். தமிழோ உடைந்தது, உடைத்தான் என வினையையே இரு வடிவமாக வைத்திருப்பதால் துணைவினையை நாடுவதில்லை. இவ்விரட்டை வடிவங்களை வெறும் தன்வினை, பிறவினை என்று பிரிப்பது போதாது என்பதை கு. பரமசிவம் 1979இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்தார். அந்நூலை வெளியிட்டது, நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ. அய். சுப்பிரமணியம் திருவனந்தபுரத்தில் தோற்றுவித்த திராவிட மொழியியற் கழகம். எழுந்திருத்தல், குளித்தல் போன்ற வினைகளுக்குப் பிரெஞ்சில் 'ஸ' கட்டாயம் என்பதும், தமிழில் அவை தனித்தே நிற்கும் என்பதும் இதனோடு சேர்த்து அறிய வேண்டியவை. இந்த இடங்களில் தமிழை நம்பினால் மாணவர் 'ஸ'வை விட்டுவிடுவார்.

நாஞ்சில் பேச்சின் 'பாத்துக்கிடும்' என்னும் தொடருக்கு மட்டும் தமிழ் இலக்கண நூல்களில் உரிய இடம் இல்லை. 'பேச்சிப்பாறைத் தண்ணி வந்தாச்சு, பாத்துக்கிடும்' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் எதையும் பார்க்க வேண்டியதில்லை. சொன்ன செய்தியைத் தமக்குரியதாக ஏற்று மனத்தில் இருத்த வேண்டும் என்பதே கருத்து. பற்றுதலைக் குறித்த பழைய வினை இங்கே செய்தியைக் கேட்பவர் வசம் ஒப்படைக்கிறது. இதற்கு நிகரானதைப் பிரெஞ்சுக்காரர் பேச்சிலும் கேட்கலாம்: வியப்பான செய்தியைச் சொல்லத் தொடங்கும்போது அவர்கள் 'ஃபிகுரே வூ' என்பார்கள், அதாவது 'உமக்கு நீரே மனத்தில் வரைந்துகொள்ளும்'. ஏவல் வினை, முன்னிலை, தற்பொருட்டு ஆகிய மூன்றும் இரண்டிலும் ஒத்திருக்கின்றன. பிரெஞ்சு அதைப் பெரும்பாலும் செய்திக்கு முன்னே வைக்கும், நாஞ்சில் நாடு செய்தியைச் சொல்லி முடித்த பின்னே வைக்கும்.