பதிவேட்டில் கணினியைத் தேடிய வரலாறு

ஒரு வலையமைப்பில் குறிப்பிட்ட பெயருடைய கணினி இருக்கிறதா என்று பார்ப்பது முதலில் ஒரே ஒரு கோப்பைப் புரட்டும் வேலையாகத்தான் இருந்தது. அமெரிக்காவின் அர்பாநெட்டில் சேர்ந்த கணினிகளின் பெயர்களெல்லாம் ஒரு பட்டியலில் இருந்தன. கலிஃபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. பெயர்கள் பெருகவே, 1983இல் பால் மாக்கபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். அந்தப் பட்டியலைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது.

ஆனால் டி.என்.எஸ். முகவரியைத்தான் சொல்லும். கணினி எந்தப் பிரிவைச் சேர்ந்தது, அதற்கு என்ன அனுமதி உண்டு என்பதற்கெல்லாம் தனிப் பதிவேடு தேவைப்பட்டது. 1988இல் வந்த எக்ஸ்.500 தரம் சிறு கணினிகளுக்குப் பெரும் சுமை. அதை எளிமையாக்கி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹோவ்ஸும் உடன் உழைத்தவர்களும் 1993இல் எல்டாப் நெறிமுறையை வெளியிட்டனர். விண்டோஸ் 2000உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி அதன்மேல் எழுந்தது.

இத்தகைய பதிவேட்டின் தேவையைப் பெரிய தொழில் வளாகங்களில் காணலாம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரம் தொழிற்பகுதியாக விரிந்ததும் ஏறத்தாழ இதே ஆண்டுகளில்தான். அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் 1994இலும், எண்ணூர் துறைமுகம் 2001இலும், காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013இலும் இயங்கத் தொடங்கின. இத்தகைய பரந்த வளாகங்களில் எடைமேடையிலும் ஸ்டோர்ஸிலும் இருக்கும் கணினிகளை நிர்வாகி நேரில் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பதிவேட்டைத்தான் கேட்க வேண்டும். அதில் அலட்சியம் கூடாது. ஏற்கெனவே இருக்கும் பெயரிலேயே, உரிமையுள்ள ஒருவர் புதுக் கணினியைச் சேர்த்துவிட்டால், பழைய கணினியின் கணக்கு புதியதற்குப் போய்விடும். பழையதில் டொமைன் (ஒரே பதிவேட்டின்கீழ் வரும் கணினித் தொகுதி) கணக்கைக் கொண்டு உள்நுழைவதே சிக்கலாகும்.

ஒரு பெயரில் கணினி இருக்கிறதா என்று பதிவேட்டைக் கேட்கும் ஸ்கிரிப்ட்கள் முதலில் விபிஸ்கிரிப்டில் எழுதப்பட்டன. கணினியின் முழுப் பாதையைக் கொடுத்து அதை எடுக்க முயல்வார்கள். பிழை வந்தால் கணினி இல்லை என்று கொள்வார்கள். இது ஆபத்தான வழி. கணினி வேறொரு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தாலும், சர்வரே பதில் தராவிட்டாலும் பிழைதான் வரும். ஆகவே பாதையை விட்டுவிட்டு, டொமைன் முழுவதிலும் பெயரைத் தேடும் முறை நிலைபெற்றது. விண்டோஸ் சர்வர் 2003இல் வந்த டிஎஸ்கொயரி கட்டளை அதை ஒரே வரியில் செய்தது. 2009இல் பவர்ஷெல்லுக்குக் கெட்-ஏடிகம்ப்யூட்டர் கிடைத்தது. அதிலும் பழைய சிக்கல் தொடர்ந்தது: பெயரை அடையாளமாகக் கொடுத்தால், இல்லாத கணினிக்குப் பிழை எழும், வடிகட்டியாகக் கொடுத்தால் வெற்று விடை வரும். 'இல்லை' என்ற விடையையும் 'கேட்க முடியவில்லை' என்ற நிலையையும் பிரித்தறியும் ஸ்கிரிப்டை மட்டுமே நம்பலாம்.

'இருக்கிறது' என்ற விடைக்கும் எல்லை உண்டு. பழைய இரும்புக்குப் போன கணினியின் பெயர்கூடப் பதிவேட்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இயங்கும் விண்டோஸ் கணினி வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்ளும். அந்தத் தேதியையும் கடைசி உள்நுழைவுத் தேதியையும் பார்த்தால் செயலற்ற கணக்கு தெரிந்துவிடும். எல்லாச் சர்வர்களுக்கும் பரவும் உள்நுழைவுத் தேதி இரண்டு வாரம்வரை பின்தங்கியிருக்கலாம் என்பதால், சில மாத இடைவெளி பார்த்தே முடிவெடுப்பார்கள். அப்போதும் உடனே அழிப்பதில்லை; முதலில் கணக்கை முடக்கி, யாரும் தேடி வருகிறார்களா என்று காத்திருந்து, பிறகே நீக்குவார்கள்.