சாந்தோமில் கல்லறை, இத்தாலியில் எலும்புகள்... ஒர்டோனா ஊரைப் பற்றித் தெரியுமா?

சாந்தோம் நெடுஞ்சாலையில் போகும்போது அந்த வெள்ளைக் கோபுரத்தை எத்தனை தடவை பார்த்திருப்பீங்க! உள்ளே, தரைக்குக் கீழே இருப்பது புனித தோமாவின் கல்லறை. ஆனா, அவரோட எலும்புகளில் பெரும்பகுதி இருப்பதாக நம்பப்படுவது இத்தாலியின் ஒர்டோனாவில்.

எங்கே இருக்கு இந்த ஊர்?

ரோமிலிருந்து கிழக்கே, மலைத்தொடரைத் தாண்டினால் அப்ரூட்சோ மாநிலம். அங்கே அட்ரியாட்டிக் கடலை ஒட்டிய மேட்டின் விளிம்பில் நிற்கிறது ஒர்டோனா. துறைமுகம் கீழே, ஊர் மேலே. மக்கள்தொகை சுமார் 22 ஆயிரம்தான். மயிலாப்பூர்க்காரங்க இதை ஊர்னே ஒத்துக்க மாட்டாங்க! சுற்றிலும் திராட்சைத் தோட்டம், ஆலிவ் மரங்கள். காய்ச்சிய திராட்சைச் சாறு சேர்த்துச் சுடும் ‘நேவொலே’ என்ற சுருள் பலகாரம் இங்கே பிரபலம். சாயங்காலமானால் கடல் பார்த்த நடைபாதையில் காலாற நடப்பார்கள். நாம பீச்சுக்குப் போற மாதிரிதான்.

எலும்புகள் அங்கே எப்படிப் போச்சு?

மயிலாப்பூரில் புதைக்கப்பட்ட உடல் முதலில் எடெஸ்ஸாவுக்கும் (இன்றைய துருக்கி), பிறகு கிரேக்கத் தீவான கியோஸுக்கும் போனதாகச் சொல்கிறது மரபு. 1258-ல் கியோஸுக்குப் போன ஒர்டோனா கப்பல்காரர்கள் எலும்புகளையும் கல்லறைக் கல்லையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வெளிப்படையாச் சொன்னா, தூக்கிட்டு வந்துட்டாங்க!

அதன்பிறகு தோமாதான் அந்த ஊரின் காவலர். 1566-ல் துருக்கியர் படை தேவாலயத்துக்குத் தீ வைத்தது. எலும்புகள் தப்பின.

பெரிய அடி விழுந்தது 1943 டிசம்பரில். ஜெர்மன் பாராசூட் படைக்கும் கனடா படைக்கும் ஊருக்குள்ளேயே சண்டை. தெருவில் இறங்கினால் குண்டு பாயும் என்பதால், கனடா வீரர்கள் வீட்டுச் சுவரை உடைத்து அடுத்த வீட்டுக்குள் போனார்கள். எட்டே நாள்தான், ஆனா ‘குட்டி ஸ்டாலின்கிராட்’ என்று பேர் வந்துவிட்டது. அந்தப் போரில் ஊர் மக்கள் சுமார் 1,300 பேர் உயிரிழந்தார்கள். தேவாலயத்தின் பாதியை ஜெர்மானியர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்போதும் எலும்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடிபாட்டிலிருந்து தேவாலயத்தை மறுபடி கட்டி 1949-ல் திறந்தார்கள்.

இதே பகுதியில் இந்திய ராணுவத்தின் 8-வது டிவிஷனும் சண்டை போட்டது பலருக்குத் தெரியாது. ஒர்டோனாவுக்குத் தெற்கே, சாங்ரோ ஆற்றுப் போர்க் கல்லறையில், தகனம் செய்யப்பட்ட 500-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

இப்போது எலும்புகள் இருப்பது பலிபீடத்துக்குக் கீழே உள்ள நிலவறையில். கேரளாவின் கொடுங்கல்லூருக்கு 1953-ல் ஒரு எலும்பு வந்ததும் இங்கிருந்துதான்.

சாந்தோமில் தோமா திருநாள் ஜூலை 3. ஒர்டோனாவின் பெரிய திருவிழா மே முதல் ஞாயிறு. அதற்காக வெள்ளிச் சாவிகளை ஊர்வலமாக தேவாலயத்துக்கு எடுத்துப் போவார்கள்.